நாள்பட்ட வலியும் நோயாளிக்கு வேண்டிய பாடமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முத்து என்றால் உலகம் நம் தூத்துக்குடிக் கரையை நினைத்த காலம் ஒன்று உண்டு. பாண்டியரின் கொற்கை தொடங்கிப் பன்னூறு ஆண்டுகள் நடந்துவந்த முத்துக் குளிப்பு, இக்கரையில் கடைசியாக நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். அதைச் சிறு வயதில் கண்ட முதியவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் முத்தைப் பற்றிச் சொல்வதைவிடக் கயிற்றைப் பற்றிச் சொல்வதே அதிகம்.

கல்லின் பாரத்தோடு குளியாளி கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக் கூடையில் போடுவார். மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் அந்த அசைவை உணர்ந்து மேலே இழுப்பார். உயிர் அந்தக் கயிற்றில் இருந்ததால், அதைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே நிறுத்துவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. தங்கையின் தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது!

கயிறு அசைந்தால் ஆபத்து. ஆனால் நீரோட்டம் இழுத்தாலும் கயிறு அசையும். தோணி ஆடினாலும் அசையும். தேர்ந்த கை இவற்றைப் பிரித்தறியும். ஒரு முறை விபத்தைக் கண்டு மிரண்டுபோனவன் கையில் கயிறு இருந்தால் என்ன ஆகும்? சிற்றலைக்கும் அவன் பதறி இழுப்பான். கீழே இருப்பவர் நலமாகவே இருப்பார்; ஆனால் தொழில் நடக்காது. நாளடைவில் குளிப்பவருக்கும் கடல் என்றால் அச்சம் வந்துவிடும்.

நாள்பட்ட வலி என்பது ஏறத்தாழ இத்தகையதே. இதை நோயாளிக்கு விளங்கச் சொல்வதும் ஒரு மருத்துவமே என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. அதைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

கயிறும் கயிறு பிடிப்பவரும்

வலியைக் கயிற்றோடு ஒப்பிட்டது நான் முதல் ஆள் அல்லன். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தே, காலில் தீப்பட்டால் நரம்பு என்னும் நூல் இழுபட்டு மூளையில் மணி அடிக்கிறது என்று விளக்கினார். எவ்வளவு காயமோ அவ்வளவு வலி என்பதே இதன் சாரம். முந்நூறு ஆண்டுகள் மருத்துவ உலகம் பெரும்பாலும் இவ்வாறே எண்ணிவந்தது. நம் மக்களில் பலர் இன்றும் இவ்வாறே எண்ணுகிறார்கள்.

இக்கருத்துக்குப் பொருந்தாத செய்திகள் பல. 1944-ஆம் ஆண்டு இத்தாலியில் ஆன்சியோ போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கொடுங்காயம் பட்ட போர்வீரர் பலர் வலி மருந்தே வேண்டாம் என்று சொல்லக் கண்டு வியந்தார். உயிர் தப்பினோம், இனி வீட்டுக்குப் போகலாம் என்னும் எண்ணம் அவர்களுடைய வலியைக் குறைத்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். காயம் பெரிது, வலி சிறிது. இதற்கு நேர்மாறாகக் காயம் ஆறிய பின்னும் ஆண்டுக்கணக்கில் வலிப்பதையும் நாம் காண்கிறோம்.

1965-ஆம் ஆண்டு ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இருவர் புதிய கொள்கை ஒன்றை வெளியிட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு மடை இருக்கிறது. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் அம்மடை திறக்கவும் கூடும், அடைபடவும் கூடும் என்பதே அக்கொள்கை. முழங்கால் இடித்துக்கொண்டால் நாம் உடனே அவ்விடத்தைத் தேய்க்கிறோம் அல்லவா? தேய்ப்பு உணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் மடையை ஓரளவு மூடுகின்றன, வலி தணிகிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் இம்மடையை இயக்குகின்றன. அச்சமும் கவலையும் உறக்கமின்மையும் அதைத் திறந்துவிடுகின்றன. நம்பிக்கையும் ஈடுபாடும் அடைக்கின்றன. உப்பளப் பாத்திக்கு மடை திறந்து நீர் விடுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இக்கொள்கை விளங்குவது கடினம் அன்று. பின்னாளில் இதன் நுட்பங்கள் பல திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

1983-ஆம் ஆண்டு கிளிஃபோர்டு உல்ஃப் மற்றோர் உண்மையை ஆய்வில் காட்டினார். வலிச் செய்தி ஓயாது வந்துகொண்டிருந்தால் தண்டுவட நரம்பணுக்களே கூர்மை அடைந்துவிடுகின்றன. பிறகு மெல்லிய தொடுதலும் வலியாக உணரப்படுகிறது. மிரண்டுபோன கயிற்றாள் இவர்தான்!

எது நாள்பட்ட வலி?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியை நாள்பட்ட வலி என்பர். சுளுக்கு, வெட்டுக்காயம் போன்றவை பெரும்பாலும் இக்காலத்துக்குள் ஆறிவிடுகின்றன. அதன் பின்னும் வலி நிற்கவில்லை எனில், அவ்வலி பழைய காயத்தின் அளவுகோலாக இருப்பதில்லை. 2022-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினொன்றாம் நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்குத் தனி இடமே ஒதுக்கப்பட்டுள்ளது.

இவற்றுள் முதலிடம் இடுப்பு வலிக்கு. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டுள்ளார்கள். நம் ஊரில் இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. துறைமுகத்தில் கிரேன் தூக்கினாலும் கிட்டங்கியில் மூட்டை தூக்குவது இன்றும் மனிதத் தோள்தான். உப்பளங்களில் விடியுமுன் இறங்கிப் பாத்தி மிதிப்பதும், குனிந்து உப்பு வாருவதும், கூடையில் நிரப்பித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவதும் மனித முதுகுதான். அவர்களுள் பெருந்தொகையினர் பெண்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காயத்துக்கு ஒத்துவராத வலி என்பதால் அது பொய்வலி ஆகிவிடாது. மனப்பிரமை என்று ஒதுக்குவது அறியாமை. கயிறு மெய்யாகவே அசைகிறது. குளியாளியின் உயிருக்கு ஆபத்தா என்பது மட்டுமே கேள்வி. வலி என்பது திசுக்காயத்தோடு தொடர்புடைய அல்லது அதனை ஒத்த, உடலும் மனமும் சேர்ந்த ஒரு துன்ப அனுபவம் என்று சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2020-ஆம் ஆண்டு தன் இலக்கணத்தைத் திருத்தி அமைத்தது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதனுடன் சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

ஒரு சொல் செய்த வேலை

இப்பொருளில் எனக்கு ஆர்வம் வந்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும். என் தாயார் உப்பளத் தொழிலாளி. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது அவருக்கு இடுப்பு வலி கண்டது. ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். வெளியே கூட்டம் நின்றது. விளக்கம் கேட்க நேரமில்லை. எங்கள் வீட்டில் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். “எய்யா, இதுல என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லு” என்று அம்மா தாளை நீட்டினார்.

“டீஜெனரேட்டிவ் சேஞ்சஸ்” என்று அதில் இருந்தது. பள்ளி அகராதியில் பார்த்தேன். சிதைவு, கேடு என்று பொருள் போட்டிருந்தது. “முதுகெலும்பு தேஞ்சு சிதைஞ்சு போச்சாம்மா” என்றேன். மொழிபெயர்த்துவிட்ட பெருமிதம் வேறு எனக்கு.

அன்று முதல் அம்மா குனிவதை நிறுத்தினார். தேய்ந்த கயிறு எந்த நேரமும் அறுந்துவிடும் என்று நினைப்பது இயல்புதானே! தரையில் அமர்ந்து மீன் அறுப்பதை விட்டார். குடம் தூக்குவதை விட்டார். பனிமய மாதா திருவிழாவுக்குத் தெருப் பெண்களோடு நடந்து போவதை விட்டார். உப்பளத்துக்கு மட்டும் போனார். அதை விட்டால் சோறு இல்லை. அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு வேலை, வீட்டில் முழு நேரப் படுக்கை என்று ஐந்தாண்டுகள் கழிந்தன. வலி குறையவில்லை, கூடியது.

கல்லூரிக்கு வந்தபின் நான் படித்த ஆய்வு ஒன்று என்னைத் தலைகுனிய வைத்தது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அது. வலியில்லாத இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு முதுகுத்தட்டு மாற்றம் காணப்பட்டது. எண்பது வயதினரில் 96 விழுக்காடு! அதாவது இம்மாற்றங்கள் பெரும்பாலும் தலை நரைப்பது போன்றவை. இதைப் படிக்கும் இருபது வயது நண்பர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்தத் ‘தேய்மானம்’ இருக்கலாம். அவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தாளில் இருந்தது நோயின் தீர்ப்பு அன்று, வயதின் குறிப்பு. அதைத் தீர்ப்பாக மாற்றியவன் நான். நோயாளிக்குக் கல்வி வேண்டும் என்று நான் சொல்வது, கல்வி இல்லாதபோது அந்த இடத்தில் அச்சம் வந்து அமர்ந்துகொள்வதைக் கண்ணால் கண்டவன் என்பதால்தான்.

நோயாளிக்குக் கல்வி என்றால் என்ன?

‘குனியாதே, தூக்காதே, நடக்காதே’ என்று பட்டியல் தருவது கல்வி ஆகாது. வலி எவ்வாறு உண்டாகிறது, எப்போது அஞ்ச வேண்டும், எப்போது அஞ்ச வேண்டியதில்லை, தன் கையால் செய்யக்கூடியது எது என்பவற்றை நோயாளி உணர்ந்து, செய்து, பழகுவதே கல்வி.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் 1999 வரை ஒரு பெரும் பரப்புரை நடத்தினார்கள். முதுகு வலிக்காகப் படுத்துக் கிடக்காதீர்கள், இயன்றவரை நடமாடுங்கள், வேலையோடு தொடர்பை விடாதீர்கள் என்பதே செய்தி. தொலைக்காட்சியில் மருத்துவர்களும் விளையாட்டு வீரர்களும் இதைச் சொன்னார்கள். விளைவு என்ன? பொதுமக்களின் எண்ணமும் மாறியது, மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. முதுகு வலிக்காக இழப்பீடு கேட்ட விண்ணப்பங்கள் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. பரப்புரை நடக்காத பக்கத்து மாநிலத்தில் மக்கள் எண்ணத்தில் இத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்னும் அம்மையார் மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு வகுப்பு முறையை உருவாக்கினார். வாரம் ஒரு நாள், ஆறு வாரம். இதன் சிறப்பு, பாடம் நடத்துபவர்களே அந்நோய் உடையவர்களாக இருக்கலாம் என்பதாகும். ‘எனக்கும் வலிக்கிறது, நான் இப்படிச் சமாளிக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது அச்சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. கனடாவில் சாண்ட்ரா லெஃபோர்ட் இம்முறையை நாள்பட்ட வலிக்கு ஏற்ப அமைத்து, பயன் தருகிறது என்று 1998-ஆம் ஆண்டு காட்டினார்.

படிக்காத மக்களுக்கு நரம்பும் தண்டுவடமும் புரியுமா என்று கேட்கலாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் லாரிமர் மோஸ்லி 2003-ஆம் ஆண்டு இக்கேள்வியைச் சோதித்தார். வலியின் உடலியலை நோயாளிகளால் நன்கு புரிந்துகொள்ள முடிகிறது. அவர்களால் முடியாது என்று குறைவாக மதிப்பிடுபவர்கள் மருத்துவத் துறையினரே என்று அவர் கண்டார். கடலடியின் நீரோட்டத்தையும், வானத்தைப் பார்த்து மழையையும், நீரின் கனத்தைப் பார்த்து உப்பு விளையும் நாளையும் அறிந்த நம் மக்களுக்கு இது புரியாது என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் பரிந்துரைகளில் கல்வியும் உடற்பயிற்சியும் உளவழி உதவியும் இடம்பெற்றுள்ளன. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, அபின் வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகத் தரவேண்டாம் என்றும் அது கூறுகிறது. நம் கடைவீதிகளில் இடுப்புப் பட்டை எவ்வளவு விற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்!

உப்பளத்துக்கு ஏற்ற பாடம்

பாடம் நோயாளியின் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும். ‘ஓய்வு எடு’ என்று தினக்கூலிக்காரரிடம் சொல்வது, ‘பட்டினி கிட’ என்று சொல்வதற்கு ஒப்பாகும். எனவே மேலை நாட்டுப் புத்தகத்தில் உள்ளதை நம் நிலத்தில் நட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அளவோடு செய்தல். வலி குறைந்த நாளில் வீட்டு வேலை அத்தனையும் இழுத்துப் போட்டுச் செய்வது, மறுநாள் எழ முடியாமல் கிடப்பது என்பதே நாம் எங்கும் காணும் வழக்கம். இதற்கு மாறாக, வலிக்கும் வரை செய்யாமல், கணக்கு வரும் வரை செய்ய வேண்டும். இருபது நிமிடம் குனிந்து வேலை செய்தால் வலி ஏறும் என்றால், பதினைந்தாம் நிமிடத்தில் நிமிர்ந்து சற்று நடக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பதினாறு, பதினேழு என்று கூட்ட வேண்டும். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் கணக்கு ஒன்றே. மிரண்ட கயிற்றாளுக்கு ‘பார், ஒன்றும் ஆகவில்லை’ என்று சிறிது சிறிதாகக் காட்டும் முறை இது.

உப்பளத்தில் தனியொருவர் இவ்வாறு நிறுத்த முடியாது. ஆனால் நிரப்புபவரும் சுமப்பவரும் முறை மாற்றிக்கொள்ளலாம். நிரப்பும்போது குனிவு, சுமக்கும்போது நிமிர்வு; ஒரே தசைக்கு நாள் முழுதும் பாரம் ஏறாது. இதற்குப் பணம் வேண்டியதில்லை. கணக்கப்பிள்ளையின் இசைவு வேண்டும்.

இரண்டாவது, பருவத்தை எண்ணிப் பார்த்தல். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் நின்றுவிடும். உடலும் நின்றுவிடும். தையில் வேலை தொடங்கும்போது முதல் நாளே முழுச் சுமை. தை, மாசியில் எங்கள் தெருவில் தைல வாடை கூடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று என எண்ணுகிறேன். ஓட்டப்பந்தய வீரர் ஓராண்டு பயிற்சி செய்கிறார்; சுமை தூக்குபவரும் உடலை நம்பி வாழ்பவரே. மார்கழியிலேயே அன்றாடம் நடப்பது, நாற்காலியில் அமர்ந்து எழுவது, சிறு பாரத்தைத் தூக்கி வைப்பது என்று தொடங்கினால் தை வரும்போது உடல் அணியமாக இருக்கும்.

மூன்றாவது, உறக்கம். விடியற்காலை வேலைக்கு எழுபவர் இரவு பதினொரு மணி வரை விழித்திருந்தால், குறைந்த உறக்கமே மறுநாள் வலியின் மடையைத் திறந்துவிடும்.

நான்காவது, வலி ஏறும் நாளுக்கு ஒரு திட்டம். நாள்பட்ட வலி சில நாள்களில் திடீரென்று கூடும். அப்போது ‘மறுபடியும் சிதைந்துவிட்டது’ என்று பதறாமல், இரண்டு மூன்று நாள்கள் வேலையைப் பாதியாக்கி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மெல்ல நடந்து, மீண்டும் பழைய கணக்குக்குத் திரும்ப வேண்டும். இதை நலமாக இருக்கும் நாளிலேயே வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்வது நன்று.

மாத்திரையைப் பற்றிய பாடம்

வலி மாத்திரை தீயது அன்று. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு உண்டால் அது உதவும். ஆனால் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கலாம். சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கின்றன. உடலில் நீர் வற்றிய நிலையில் இவற்றை உண்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து மிகுதி.

உப்பளத்தில் நிழல் இல்லை. கீழிருந்து உப்பின் ஒளி, மேலிருந்து வெயில். கழிப்பிடம் இல்லாத இடங்களில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அந்த உடலில் வலி மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, ‘மாத்திரை போட்ட நாளில் தண்ணீரைக் குறைக்காதே, தினமும் போட வேண்டியிருந்தால் மருத்துவரிடம் போ’ என்பது நம் ஊர் வலிப் பாடத்தில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எந்த வலியைப் பொறுக்கக் கூடாது?

கயிறு எல்லாம் நீரோட்டத்தால் அசைவதில்லை. மெய்யான ஆபத்தும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்துபோதல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல், புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி, விழுந்து அடிபட்டபின் வரும் கடும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் கரைக்கே உரிய மற்றொன்றும் உண்டு. முத்துக் குளிப்பு நின்றாலும் சங்கு குளிப்பு நிற்கவில்லை. காற்றுக் குழாயின் துணையோடு ஆழத்தில் நெடுநேரம் இருந்து விரைவாக மேலே வருபவர்க்கு, இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படுகிறது. சோடா புட்டியைத் திறந்தால் நுரைப்பது போல. தோளிலும் முழங்காலிலும் கடும் வலி வரும். கால் செயலிழக்கவும் கூடும். இது பொறுத்துக்கொள்ளும் வலி அன்று. உடனே உயிர்க்காற்றும் மருத்துவ உதவியும் வேண்டும் அவசரநிலை. ஆண்டுகள் பல இவ்வாறு உழைத்தவர்க்குத் தோள், இடுப்பு எலும்புகளின் முனைகள் இரத்த ஓட்டமின்றி மடிந்துபோவதும் உண்டு. அவர்களிடம் ‘வெறும் நரம்புக் கூர்மை’ என்று சொல்லி அனுப்புவது பெரும்பிழை.

எனவே வலிக் கல்வி என்பது வலியை அலட்சியம் செய்யக் கற்பது அன்று. எந்தக் கயிறு எதற்காக அசைகிறது என்று பிரித்தறியக் கற்பது.

நம் மாநிலத்தில்

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மருந்துகளோடு இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் பக்கவாதம் கண்ட ஒரு பாட்டிக்குப் பயிற்சி தர இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்தார். என் தாயார் தயங்கித் தயங்கி அவரிடம் தன் இடுப்பைப் பற்றிக் கேட்டார்.

அவர் முதலில் ஆபத்துக் குறிகள் உண்டா என்று கேட்டறிந்தார். பிறகு, “குடத்தை எப்படித் தூக்குவீங்க, செஞ்சு காட்டுங்கக்கா” என்றார். “எலும்பு தேஞ்சு போச்சும்மா, குனியக் கூடாது” என்றார் அம்மா. “யார் சொன்னா?” என்று அவர் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. படித்த மகன் சொன்னான் என்ற பெருமைதான் இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

அன்று அவர் பேசியது கால் மணி நேரம். கால் குடம் நீரில் தொடங்கச் சொன்னார். கயிற்றுக் கதையை நான் பின்னர்ச் சொல்லிச் சேர்த்தேன். அம்மாவின் தாத்தா சங்கு குளித்தவர். “இப்ப அந்த ஆளு பயந்து இழுக்கான், அப்படித்தானே?” என்று அவரே சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் அரைக் குடம், பிறகு முழுக் குடம். வலி போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் மீன் அறுக்கத் தரையில் அமர்கிறார். சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்குவது நின்றது.

மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. கல்வி மட்டும் வலியை ஓரளவே குறைக்கும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பயிற்சியோடு சேரும்போது பயன் கூடுகிறது. எல்லோருக்கும் ஒன்றுபோல் பலிப்பதும் இல்லை. மேலும், கூலியும் நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் சுமையின் எடையும் சரியாக இல்லாத இடத்தில், ‘வலியைச் சமாளிக்கக் கற்றுக்கொள்’ என்று தொழிலாளியிடம் மட்டும் சொல்வது நீதி ஆகாது. பாடம் நோயாளிக்கு உண்டு. வேலை கொடுப்பவருக்கும் உண்டு.

நம் கடமை

இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். மருத்துவமனைச் சீட்டையும் ஸ்கேன் தாளையும் வீட்டில் படித்துச் சொல்லும் பொறுப்பு நம்மிடமே வருகிறது. அகராதிப் பொருள் போதாது. ‘இதனால் அம்மா எதைச் செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது? எப்போது மீண்டும் வரவேண்டும்?’ என்னும் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள். கூட்டம் நின்றாலும் கேளுங்கள். விளங்காததை விளங்கியதுபோல் மொழிபெயர்க்காதீர்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் மரம் நடுகிறோம், தெரு கூட்டுகிறோம். மார்கழியில் ஒரு முகாமை உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் வைத்து, அரசு இயன்முறை மருத்துவரை அழைத்து, வலியுடையோர் தம்முள் பேசிப் பயிலும் ஆறு வார வகுப்பைத் தொடங்கினால் என்ன? விரிவுரையாளர்கள் மனம் வைத்தால் நடக்கும். முதல் வகுப்பில் வந்து பேச என் தாயார் ஒப்புக்கொண்டிருக்கிறார். கயிற்றுக் கதையைத் தானே சொல்வதாகவும், என்னை வாய் திறக்கக் கூடாது என்றும் நிபந்தனை போட்டிருக்கிறார்.